அயலான் ஊர் நிரம்பத் தமிழன் ஊர் வெறுமையாவதா?

செவ்வாய்தோறும் காரிமங்கலத்தில் சந்தை கூடுகின்றது. தேங்காயும் புளியும் ஆடும் கோழியும் கைமாறும் அச்சந்தையில் இப்பொழுது வேறொரு சரக்கும் விலைபேசப்படுகின்றது. அது தரையில் குவித்து வைக்கப்படுவதன்று. கைப்பேசியின் சிறுதிரையில் ஒளிர்வது. கனடாவின் சிற்றூர்களில் குடியேறுக, ஆத்திரேலியாவின் ஊர்ப்புறங்களில் வாழ்க, மனைவி மக்களோடு நிலைக்குடி உரிமை பெறுக என்று பெங்களூரிலும் சேலத்திலும் கடைவிரித்திருக்கும் முகவர்கள் கூவுகின்றனர். மாந்தோப்பை ஈடுவைத்து மகனைப் பொறியியல் படிக்க வைத்த தந்தை, மீந்திருக்கும் காணியையும் ஈடுவைத்து அவனை அனுப்பிவிடலாமா என்று கணக்குப் பார்க்கின்றார். விலைபேசப்படும் சரக்கு எது என்பது மட்டும் அவருக்கு இன்னும் விளங்கவில்லை. முகவர் விற்பது கனடாவையன்று. காரிமங்கலத்தில் விளைந்த பிள்ளையை!

அத்திட்டங்களைப் பழித்துவிட்டுப் போவது எளிது. ஆனால், பழிப்பதற்கு முன் அவை எவ்வாறு இயங்குகின்றன என்று தமிழன் ஓர்ந்து பார்த்தல் வேண்டும். ஏனெனில் அவற்றுள் அவன் கண்ணுக்குத் தப்பிய ஓர் உண்மை உறங்குகின்றது.

கனடாவில் 1998 முதல் மாநில முன்மொழிவுத் திட்டம் என்ற ஒன்று நடைமுறையில் உள்ளது. மானிட்டோபா மாநிலம் அதற்கு வழிதிறந்தது. எங்கள் மாநிலத்துக்குத் தச்சர் வேண்டும், செவிலியர் வேண்டும், கணிப்பொறி வல்லார் வேண்டும், தொழில் தொடங்குவோர் வேண்டும் என்று மாநில அரசு தானே ஆளைத் தேர்ந்து நடுவணரசுக்கு முன்மொழிகின்றது. நடுவணரசு உடல்நலத்தையும் குற்றப்பின்னணியையும் ஆய்ந்து நிலைக்குடி உரிமை வழங்குகின்றது. 2017-இல் அத்திலாந்திக்குக் கடலோர மாநிலங்கள் நான்குக்கும் தனித்திட்டம் ஒன்று வந்தது. 2022-இல் அது நிலையான திட்டமாக்கப்பட்டது. இவையும் போதாவென்று 2019-இல் பதினோர் ஊர்ப்பகுதிகளுக்கு அவ்வுரிமையின் ஒரு கூறு வழங்கப்பட்டது. 2025-இல் தொடங்கிய அடுத்த திட்டத்தில் அவை பதினான்காயின. அவ்வூர்களுள் ஒன்று ஆல்பர்ட்டா மாநிலத்தின் கிளேர்சோம். 2021 கணக்குப்படி அங்கு வாழ்வோர் நாலாயிரம் பேர்கூட இல்லை. காரிமங்கலத்தினும் சிறிய ஊர்! அவ்வூரின் பொருளியல் வளர்ச்சி அமைப்பு, ‘இவர் எங்கள் ஊருக்கு வேண்டும்’ என்று பரிந்துரைத்தால்தான் வேற்றுநாட்டான் ஒருவன் அத்திட்டத்தின்வழி கனடாவின் நிலைக்குடி ஆகமுடியும்.

நாலாயிரம் பேர் வாழும் ஊருக்குத் தன் குடியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை! ஏழு கோடித் தமிழர் வாழும் மாநிலத்துக்கு?

இவ்வினாவுக்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைப் புரட்டினால் போதும். குடியுரிமையும் அயலார் குடிமையேற்பும் நடுவணரசுப் பட்டியலின் 17-ஆம் பதிவு. நாட்டுக்குள் நுழைதலும் வெளியேறுதலும் வெளியேற்றப்படுதலும் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் அதே பட்டியலின் 19-ஆம் பதிவு. மாநிலத்துக்கு அவற்றில் எள்ளளவும் பங்கில்லை. கனடாவிலோ, 1867-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் 95-ஆம் பிரிவிலேயே குடியேற்றத்தை இரு அரசுகளுக்கும் பொதுவாக்கிவிட்டது. முரண்பாடு எழுந்தால் நடுவணரசின் சட்டமே மேலோங்கும் என்பது உண்மைதான். ஆயினும், 2021-இல் ஏறத்தாழ ஒன்றரை இலக்கம் பேரே வாழ்ந்த பிரின்சு எட்வர்டு தீவு ஒரு மாநிலமாக நின்று, இன்னார் எம்மோடு வாழ்க என்று சொல்லுகின்றது. தில்லி அவ்வாறு ஒரு சொல் சொல்லத் தமிழ்நாட்டை விடுமா? 2011 கணக்குப்படி 7.21 கோடி மக்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இலக்கியம். சட்டமன்றம், முதலமைச்சர், தலைமைச் செயலகம் எல்லாம் உண்டு. தன் மண்ணில் யார் குடியாக வாழலாம் என்று சொல்லும் வாய் மட்டும் இல்லை!

பணம் கொடுத்துக் குடியாகும் வழியும் அங்கு உண்டு. அதைப் பற்றி நீளப் பேச வேண்டுவதில்லை. அந்த எட்வர்டுத் தீவிலேயே, தொழில்முனைவோர் இரண்டு இலக்கம் தாலரைப் பிணைத்தொகையாகக் கட்டி, ஓராண்டு கடை நடத்தினால் அதைத் திரும்பப் பெறலாம் என்ற ஏற்பாடு இருந்தது. வந்தவருள் பலர் நிலைக்குடி உரிமையைக் கையில் வாங்கியவுடன் பிணைத்தொகையைக் கைகழுவிவிட்டுப் பெருநகர்களுக்குப் பறந்தனர். 2018-இல் அத்திட்டத்தை மூடினர். பணத்தை ஊன்றினால் வேர்விடாது என்பதைக் கனடா தன் கைப்பொருளைக் கொண்டே கற்றது.

ஆத்திரேலியாவின் வழி சற்று வேறு. 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊர்ப்புறத் திட்டத்தின்படி, தொழில்திறனாளன் ஐந்தாண்டுக்கு நுழைவிசைவு பெறுகின்றான். மூன்றாண்டேனும் ஊர்ப்புறத்தில் வாழ்ந்து பணியாற்றிக் காட்டினால் நிலைக்குடி உரிமைக்கு வேண்டிக்கொள்ளலாம். ஊர்ப்புறம் என்றவுடன் கொல்லிமலையையோ பென்னாகரத்தையோ நினைத்துக்கொள்ள வேண்டா. சிட்னி, மெல்பேர்ண், பிரிசுபேன் ஆகிய மூன்றும் நீங்கலாக எல்லாம் ஊர்ப்புறமே. இருபது இலக்கத்துக்கு மேற்பட்டோர் வாழும் பெர்த்தும் அதில் அடக்கம். அதில் இடம்பெறக் குறைந்தது 65 மதிப்பெண் வேண்டும். அகவைக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, பட்டறிவுக்கு இவ்வளவு என்று பங்கிட்டிருக்கின்றனர். ஆங்கிலத்தில் மிகச் சிறந்த தேர்ச்சிக்கு 20 மதிப்பெண்.

தமிழுக்கும் உண்டு. அந்நாட்டு மொழிபெயர்ப்பாளர் ஏற்பளிப்பு அமைப்பு நடத்தும் குமுகாய மொழித் தேர்வில் தமிழும் ஒரு மொழி. ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழிலும், தமிழில் பேசுவதை ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்லவேண்டும். இரண்டு உரையாடல்கள், 90 மதிப்பெண், 63 பெற்றால் தேர்ச்சி. தேறியவனுக்கு 5 மதிப்பெண் கூடுதல்.

இங்குதான் நகைப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்றாம் அகவையிலேயே பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் தள்ளி, அவன் வாயில் ‘அம்மா’ வராமல் காத்த பெற்றோர் எத்தனை பேர்! தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா என்று ஆசிரியரிடம் வழக்காடிய தந்தையர் எத்தனை பேர்! அப்பிள்ளை வளர்ந்து அயல்நாட்டுக் கதவைத் தட்டும்பொழுது அந்த ஐந்து மதிப்பெண்ணுக்காகப் பணம் கட்டித் தமிழ்ப் பயிற்சி வகுப்பில் சேர்கின்றான். தாயிடம் இலவயமாகப் பெற்றிருக்க வேண்டியதை முகவரிடம் விலைக்கு வாங்குகின்றான். ஆத்திரேலியக்காரன் தமிழுக்குத் தரும் ஐந்து மதிப்பெண்ணைத் தமிழ்நாட்டின் தனியார் நிறுவனங்களுள் எது தருகின்றது? தமிழ்நாட்டரசுப் பணித்தேர்வில் தமிழ்த்தாளில் தேறியே ஆகவேண்டும் என்ற ஆணையே 2021 திசம்பரில்தான் பிறந்தது. விடுதலை பெற்று எழுபத்து நான்கு ஆண்டு கழித்து!

இன்று தமிழுக்கு மதிப்பெண் தரும் அதே நாடு, 1901-இல் இயற்றிய குடியேற்றத் தடைச் சட்டத்தால் வெள்ளையரல்லாதாரை வாயிலிலேயே தடுத்தது. ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொற்களைச் சொல்லி எழுதச் சொன்னார்கள். வந்தவனுக்கு ஆங்கிலம் தெரிந்தால் அவனுக்குத் தெரியாத வேறு மொழியில் சொன்னார்கள். 1934-இல் பல மொழி அறிந்த செக்கு எழுத்தாளர் எகான் கிசு என்பாரைத் தடுக்க இசுக்காத்துலாந்தின் கேலிக்கு மொழியில் தேர்வு வைத்த கூத்தும் நடந்தது. 1958-இல்தான் அத்தேர்வு ஒழிந்தது. கனடாவும் குறைந்ததன்று. 1908-இல் இடைநில்லாப் பயணம் என்ற சூழ்ச்சி விதி வகுத்து, 1914-இல் கோமகட்ட மாரு கப்பலில் வந்த 376 பேருள் மிகப் பெரும்பாலோரை வான்கூவர்த் துறைமுகத்திலிருந்தே திருப்பியனுப்பியது. அன்று தோலைப் பார்த்துக் கதவடைத்தவர்கள் இன்று திறனைப் பார்த்துக் கதவு திறக்கின்றனர். அவர்கள் ஊரில் முதியோர் பெருகினர். இளையோர் பெருநகர்க்கு ஓடினர். பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தனர். எனவே அழைக்கின்றனர். தேவை தீர்ந்தால்? 2024-இல் ஒரு இலக்கத்துப் பத்தாயிரம் என்றிருந்த மாநில முன்மொழிவு இலக்கை 2025-க்கு ஐம்பத்தையாயிரமாக ஒரே வெட்டில் பாதியாக்கிற்று கனடா. காணியை ஈடுவைத்த காரிமங்கலத்துத் தந்தையை அந்த வெட்டு கேட்டுக்கொண்டா விழுந்தது?

இனி, சிற்றூர்க்குக் குடி வேண்டும் என்று மேடையில் பேசும் அரசு, அக்குடி தமிழனாய், ஏதிலியாய், படகில் வந்தவனாய் இருந்தால் என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு.

குயின்சுலாந்து மாநிலத்தில் பிலோயிலா என்றொரு சிற்றூர். ஏறத்தாழ ஆறாயிரம் பேர் வாழ்வது. இலங்கையிலிருந்து 2012-இலும் 2013-இலும் தனித்தனியே படகேறி வந்த தமிழ் ஆணும் பெண்ணும் மணந்துகொண்டு 2014 முதல் அவ்வூரில் வாழ்ந்தனர். கணவர் அங்குள்ள இறைச்சித் தொழிற்சாலையில் உழைத்தார். பெண்மக்கள் இருவர் பிறந்தனர். ஊர் அவர்களை ஏற்றுக்கொண்டது. 2018 மார்ச்சு 5-ஆம் நாள் விடியற்காலையில் எல்லைக்காவலர் வீட்டைச் சூழ்ந்து நால்வரையும் கொண்டுபோய் மெல்பேர்ணில் அடைத்தனர். மனைவியின் நுழைவிசைவு முடிந்துவிட்டதாம்! 2019 ஆகத்தில் இலங்கைக்கு வானூர்தி ஏற்றினர். பறந்துகொண்டிருந்த ஊர்தியை வழக்குமன்றத் தடையாணை தார்வினில் இறக்கிற்று. அதன்பின் கிறித்துமசுத் தீவு. அங்கு ஈராண்டளவு அடைபட்டிருக்கையில் இளைய குழந்தை குருதி நச்சேறி 2021 சூனில் பெர்த்து மருத்துவமனைக்கு எடுத்துச்செல்லப்பட்டது.

இவ்வளவு காலமும் வாளாவிருக்காதவர்கள் யாவர்? பிலோயிலாவின் வெள்ளைக்காரப் பொதுமக்கள்! ‘அவர்கள் எங்கள் ஊரார்; எங்கள் ஊருக்கே திருப்பியனுப்புக’ என்று நான்கு ஆண்டு ஓயாமல் போராடினர். மடல் எழுதினர், கையொப்பம் திரட்டினர், அமைச்சர்களின் வாயிலில் நின்றனர். 2022 மே மாதத்தில் ஆட்சி மாறிற்று. சூனில் அக்குடும்பம் பிலோயிலா திரும்பிற்று. ஆகத்தில் நிலைக்குடி உரிமை கிடைத்தது. ஊர் கேட்டது, ஊர் வென்றது.

அச்செய்தியைத் தமிழ்நாட்டு இதழ்களும் மகிழ்ந்து வெளியிட்டன. வெள்ளைக்காரச் சிற்றூரின் நெஞ்சு ஈரத்தைப் பாராட்டின. பாராட்டிய கையோடு காரிமங்கலத்தை அடுத்த தும்பலஅள்ளி அணைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

அங்கும் ஈழத்தமிழர் வாழ்கின்றனர். அணைக்கட்டுகளை ஒட்டி முகாம் அமைப்பது தருமபுரி மாவட்டத்தில் வழக்கமாகிவிட்டது. 1983 முதல் அலையலையாய் வந்தவர்களும் அவர்களுக்குப் பிறந்தவர்களும் அவர்களுக்குப் பிறந்தவர்களுமாய் மூன்று தலைமுறை ஆயிற்று. 2021-ஆம் ஆண்டு அரசு தந்த கணக்குப்படி, தமிழ்நாடு முழுவதும் முகாம்களில் இருந்தோர் 58,000-க்கு மேல். முகாம்களுக்கு வெளியே பதிவுசெய்துகொண்டு இருந்தோர் 34,000-க்கு மேல். அவ்வாண்டு ஆகத்தில் தமிழ்நாட்டு அரசு 317 கோடி உருபாவில் நலத்திட்டங்களை அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னது. ஏதிலியர் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றிற்று. வீடு நல்லதுதான். பெயர் மாற்றமும் நல்லதுதான். ஆனால் அவ்வீட்டில் பிறக்கும் பிள்ளை எந்நாட்டுக் குடி?

1987 சூலை முதல் நாளுக்குப் பின் இந்திய மண்ணில் பிறந்தவன், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியாக இருந்தால்தான் குடி. 2004 திசம்பர் 3-க்குப் பின் பிறந்தவனுக்கு இன்னும் கடுமை. பெற்றோருள் ஒருவர் குடியாக இருந்தாலும், மற்றவர் சட்டத்துக்குப் புறம்பாய் வந்தவராயின் அவன் குடியல்லன். சட்டத்துக்குப் புறம்பாய் வந்தவர் பதிவு செய்துகொண்டும் குடியாக முடியாது. எத்தனை ஆண்டு வாழ்ந்தும் குடியாக முடியாது. குண்டுமழைக்குத் தப்பிப் படகேறியவன் எந்த அலுவலகத்தில் நுழைவிசைவு வாங்கிக்கொண்டு ஏறுவான்? 2019 திசம்பரில் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினர். பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தார்க்கு வழி திறந்தனர். இலங்கை அப்பட்டியலில் இல்லை. அவர்கள் கொண்டாடும் இந்துவாக இருந்தும் ஈழத்தமிழன் அதில் இல்லை. அவன் செய்த குற்றம் தமிழனாய்ப் பிறந்ததன்றி வேறு யாது? 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அத்திருத்தத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. தில்லி காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2025 செப்டம்பரில் நடுவணரசு ஓர் ஆணையிட்டது. 2015 சனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டும் நுழைவிசைவும் இல்லாமல் இருப்பதற்காக ஒறுக்கப்படமாட்டார் என்பது அதன் சாரம். சிறையில் தள்ளமாட்டோம் என்பது பெருந்தன்மை. குடியாக ஏற்போம் என்பது உரிமை. முன்னதைக் கொடுத்துப் பின்னதை மறைத்தனர்.

ஒருவர் வென்ற கதையும் உண்டு. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவர், 1987-க்கு முன் இம்மண்ணில் பிறந்ததால் பிறப்பாலேயே குடி என்று வழக்காடி, 2022-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையால் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். முப்பத்தெட்டாம் அகவையில் முதல் வாக்கு! ஓராண்டு பிந்திப் பிறந்த அவருடைய முகாம்தோழி அடுத்த வரிசை வீட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முகாம் பிள்ளைகள் படிக்காதவர்களா? பொறியியல் படித்தவர் உளர். செவிலியம் படித்தவர் உளர். கணக்கியல் படித்தவர் உளர். அரசுப்பணிக்கு அவர்கள் போட்டியிட முடியாது, குடியல்லரே! வெளியூர் சென்று தங்கிப் பணிபுரிய இசைவு வேண்டும். கணக்கெடுப்பு நாளில் வந்து தலைகாட்ட வேண்டும். தனியார் நிறுவனமோ அடையாளத் தாளைப் பார்த்துத் தயங்குகின்றது. எனவே பொறியியல் படித்த கை சுவருக்கு வண்ணம் பூசுகின்றது. எந்தத் திறனுக்குக் கனடாக்காரன் மதிப்பெண் போட்டுக் கம்பளம் விரிக்கின்றானோ, அதே திறன் தும்பலஅள்ளியில் வாளியும் தூரிகையுமாய் நிற்கின்றது. காரிமங்கலத்துப் பிள்ளையைக் கிளேர்சோம் தன் குடியாக்கிக்கொள்ளலாம். தும்பலஅள்ளியில் பிறந்த தமிழ்ப்பிள்ளையைத் தமிழ்நாடு தன் குடியாக்கிக்கொள்ள முடியாது! இதற்குப் பெயர்தான் மாநில ஆட்சியாம்.

முகாம்களில் இருப்போருள் மலையகத் தமிழரும் உளர் என்பதை மறத்தல் கூடாது. அவர்தம் கதை இவற்றினும் பழையது. காப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் காடழிக்க ஆளெடுத்த கண்காணிகள் திருச்சிராப்பள்ளி, மதுரை மாவட்டங்களோடு சேலம் மாவட்டத்திலும் நுழைந்தனர். தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியே. கண்காணி முன்பணம் தந்தான். கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு அகல முடியாது. துண்டு என்ற சீட்டில் கடனை எழுதி ஆளையே ஒரு துரையிடமிருந்து மற்றொரு துரையிடம் மாற்றினர். இன்று வேலை தருவோனின் பிணையில் ஆத்திரேலியாவுக்குச் செல்பவனும் அவ்வேலை போனால் 180 நாளுக்குள் வேறு முதலாளியைப் பிடித்தாக வேண்டும். 2024 சூலைக்கு முன் அந்தக் கெடு இன்னும் குறைவு. கூலியாளின் துண்டும் பொறியாளனின் நுழைவிசைவும் ஒன்றென்று சொல்வது மிகை. ஆயினும் நூல் ஒரே நூல்தான்.

நூற்றாண்டு கடந்து உழைத்து மலையைத் தோட்டமாக்கிய அம்மக்களை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை ஒரே நாளில் நாடற்றவராக்கிற்று. 1964 அக்தோபர் 30-இல் சிறிமாவோவும் சாத்திரியும் ஒரு மேசையில் அமர்ந்து, ஐந்து இலக்கத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலக்கம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலக்கம் பேரைப் பின்னர்ப் பார்ப்போம் என்று ஆடுமாட்டைப்போல் பங்கிட்டனர். பின்னர்ப் பார்த்தது 1974-இல்; அதையும் பப்பாதியாய்க் கூறுபோட்டனர். பங்கிடப்பட்டவரையும் கேட்கவில்லை, அவர்களை ஏற்கவிருந்த தமிழ்நாட்டையும் கேட்கவில்லை. 1984-இல் இராமேசுவரம், தலைமன்னார்க் கப்பல் நின்றதோடு வரவேண்டியோர் வரவும் நின்றது. அதன்பின் ஏதிலியராய்ப் படகில் வந்த மலையகத் தமிழரை, உடன்படிக்கையின்படி முன்பே குடியாக்க ஒப்புக்கொண்ட இந்தியா, சட்டத்துக்குப் புறம்பாய் வந்தவர் என்கின்றது! 2019 சூனில் மதுரைக் கிளை இத்தகையோர் அறுபத்தைவரின் வேண்டுகையைக் கனிவோடு ஆய்க என்று சொல்லியும் தில்லியின் கல்லில் ஈரம் கசியவில்லை.

ஈழத்தமிழரை இங்குக் குடியாக்கினால் ஈழத்தில் தமிழர் தொகை குறையும், அவர்தம் நிலவுரிமை தளரும் என்று தமிழுணர்வாளருள்ளும் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் நல்லெண்ணத்தில் பிறந்தது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நாற்பது ஆண்டாய் முகாமில் அடைபட்டிருந்ததால் ஈழத்தில் எந்தக் காணி மீட்கப்பட்டது? கனடாவின் குடியான தமிழனும் பிரித்தானியாவின் குடியான தமிழனும் ஈழத்தை மறந்தா விட்டனர்? அவர்கள் கடவுச்சீட்டோடு உலக அவைகளின் வாயிலில் நின்று முழங்குகின்றனர். முகாம் தமிழன் ஒரு கண்டனக் கூட்டத்துக்குப் போகவும் அஞ்சுகின்றான். திரும்ப விழைவோர் திரும்பட்டும். அதற்கும் ஆவணம் வேண்டும். இங்கு வாழ விழைவோர் வாழட்டும். எதை விழைவது என்பது அவர்களுடைய உரிமை. அவர்களை முகாமில் வைத்து ஈழத்தைக் காப்பது, பிறர் வீட்டுப் பிள்ளையைப் பட்டினி போட்டு நோன்பு நோற்பது போன்றது.

வேறொரு சாரார், வெளியே போகும் இளைஞனைப் பழிக்கின்றனர். தாய்மண்ணை விற்றுத் தின்னப் போகின்றான் என்கின்றனர். அதுவும் முறையன்று. 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 68.5 பேரே எழுத்தறிந்தவராய்த் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டமாய் நின்றது தருமபுரி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெயர்த்தெடுத்த மொரப்பூர்த் தருமபுரி இருப்புப்பாதையை மீண்டும் போட 2019-இல் அடிக்கல் நாட்டினர். பாதை முப்பத்தாறு கிலோமீட்டர்தான். புளூரைடு கலந்த நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட மக்களுக்கு ஒகேனக்கல் நீர் 2013-இல்தான் வந்தது. இவ்வளவையும் தாங்கிப் படித்து வந்த பிள்ளை, ஓசூரிலும் பெங்களூரிலும் ஆறு பேர் தங்கும் அறையில் பாய் விரித்துப் படுத்துச் சலித்தபின் கனடாவை நினைப்பது அவன் குற்றமன்று. பிழைப்பைத் தேடி வடக்கிலிருந்து இங்கு வரும் கூலியாளைப் பழிப்பதும் இதற்கு விடையாகாது. அவனும் ஊர் வெறுமையான ஒருவனே. பழி ஆள்வோர் மேலது.

அவர்கள் என்ன செய்தனர்? 2021-ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கையில் பின்தங்கிய மாவட்டங்களில் ஆலை தொடங்குவோர்க்குச் சலுகைகளை மிகுத்தனர். முதலுக்குச் சலுகை, ஆளுக்கு? தருமபுரியில் பத்தாண்டு தங்கிப் பணியாற்றும் மருத்துவனுக்கும், காரிமங்கலத்திலேயே பட்டறை வைக்கும் பொறியாளனுக்கும், பாலக்கோட்டுத் தக்காளியைப் பதப்படுத்தித் தொழில் நடத்த முன்வரும் பெண்ணுக்கும், ‘நீ இங்கு வாழ்ந்தால் இது உனக்கு’ என்று கிளேர்சோம் சொல்வதைப்போல் சொன்னார்களா? வேலையாளை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கென்று 1978-இலேயே அரசு நிறுவனம் ஒன்றை அமைத்தவர்கள், ஊரில் நிறுத்துவதற்கு ஒரு மேசையாவது போட்டார்களா?

மாநிலங்களுக்கு மிகுந்த உரிமை வேண்டும் என்று மேடைதோறும் முழங்கும் கட்சிகள் எல்லாம், அவ்வுரிமைகளின் பட்டியலில் குடியேற்றத்தைச் சேர்க்க இதுவரை நாணுவது ஏன்? வரிப்பங்கு கேட்கின்றனர், கல்வியைக் கேட்கின்றனர், கேட்கத்தான் வேண்டும். யாரைக் குடியாக ஏற்பது என்ற உரிமையைக் கேட்டால் பிரிவினை என்பார்களோ என்ற அச்சமா? கனடாவின் பத்து மாநிலங்களும் ஆளை முன்மொழிந்தோ தேர்ந்தெடுத்தோ வருகின்றன, கனடா உடைந்துபோகவில்லை. கியூபெக்கு மாநிலம் தன்னிடம் குடியேறும் தொழில்திறனாளரைத் தானே தேர்ந்து, பிரெஞ்சு மொழியறிவுக்கு முதலிடம் தருகின்றது. அதன் ஆட்சிமொழி ஆற்றல் அங்குதான் இருக்கின்றது.

எனவே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கூடும்பொழுது செய்யவேண்டியது தெளிவு. குடியுரிமைச் சட்டத்தில் மாநில முன்மொழிவுக்கு இடம் தருக என்று ஒரு தீர்மானம் வேண்டும். தமிழறிவும் தொழில்திறனும் இங்கு வாழ்ந்த ஆண்டுகளும் அம்முன்மொழிவின் அளவுகோலாக வேண்டும். முதல் பட்டியலில், இம்மண்ணில் பிறந்து இம்மண்ணில் படித்த முகாம் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கவேண்டும். அதுவரை, மாநில அரசின் கையிலேயே இருக்கும் தொழிற்கடனையும் தொழிற்பேட்டை இடத்தையும் அவர்களுக்கும் திறந்துவிடத் தில்லியைக் கேட்க வேண்டுவதில்லை. காரிமங்கலம் பேரூராட்சி மன்றமும் வாளாவிருக்க வேண்டா. பிலோயிலாவின் பொதுமக்கள் எந்தச் சட்டத்தின் இசைவைக் கேட்டுக்கொண்டும் தெருவில் இறங்கவில்லை. தும்பலஅள்ளிப் பிள்ளைகள் எங்கள் ஊரார் என்று ஒரு வரித் தீர்மானம் எழுதி மாவட்ட ஆட்சியர்க்கு அனுப்ப ஓர் அஞ்சல்தலையின் விலைதான் ஆகும்.